அம்மன் வண்டிக்கு இரண்டாவது பேட்டரி

எங்கள் எஸ்டேட்டில் அம்மன் தேரில் வரமாட்டாள், லேண்ட்ரோவரில் வருவாள். சிரிப்பவர்கள் ஒருமுறை பிரிஞ்சாங் டவுனுக்கு மேலே வந்து அந்தச் சரிவுகளைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். தொழிலாளர் வீட்டு வரிசைகளான ஏழு லயங்களும் ஏழு குன்றுகளில் கிடக்கும். ஒரு லயத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மண்பாதை தேயிலைக்கு நடுவே இரண்டு வளைவு ஏறும், மூன்று வளைவு இறங்கும். ஆள் நடந்தாலே வழுக்குகிற பாதையில் மரத்தேரை யார் இழுப்பது? அதனால் பழைய துரை ஒருவர் ஓட்டிக் கழித்த லேண்ட்ரோவரின் கூரையைக் கழற்றி, பின்பக்கம் பலகை அடித்து, அதன்மேல் அம்மனை உட்காரவைத்து ஆடி மாதத்தில் ஊர்வலம் விடுவார்கள். மற்ற நாட்களில் அதே வண்டி உர மூட்டை ஏற்றும்.

அந்த வண்டியின் டிரைவர் என் தாய்மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோய், ஈப்போவில் இரண்டு வருஷம் ஒரு பட்டறையில் இருந்துவிட்டு, ஒரு பெட்டி ஸ்பானரோடு திரும்பி வந்து எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்தவர். கல்யாணம் ஆகவில்லை. அப்பா அவரோடு பேசுவதென்றால் எதையாவது எடுத்துவரச் சொல்லத்தான் பேசுவார். அம்மா சோறு போட்டுக்கொண்டே திட்டுவாள். எஸ்டேட்டில் யாரும் மாமாவை ஓர் ஆளாக மதித்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அந்த ஒரு நாள் ஊர்வல நாள். மஞ்சள் வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாமா உட்கார்ந்தால் பாதையின் இரண்டு பக்கமும் ஜனம் கைகூப்பி நிற்கும். கும்பிடு அம்மனுக்குத்தான் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அம்மனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் இவர்தானே. அன்றைக்கு மாமாவின் முதுகு நிமிர்ந்திருக்கும், கழுத்துகூடச் சற்று நீண்டுவிட்டதாகத் தோன்றும். வருஷம் முழுக்க அவர் அந்த ஒரு நாளை வைத்துத்தான் ஓட்டினார் என்று எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். எனக்கு நிறைய விஷயங்கள் தெரியும் என்றுதான் நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. அதற்கு முந்தின வருஷம் ஊர்வலத்தில் ஒரு அசிங்கம் நடந்துவிட்டது. எங்கள் பூசாரிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொரு லயத்திலும் வண்டி நிற்கும்போது இஞ்சினை அணைத்துவிட வேண்டும். அர்ச்சனைத் தட்டோடு ஜனம் வரும் நேரத்தில் டீசல் புகை அம்மன் முகத்தில் அடிக்கக் கூடாது என்பார். நியாயம்தான். ஆனால் இஞ்சின் நின்ற பிறகும் அம்மனைச் சுற்றியிருக்கிற பல்புகள் எரிய வேண்டும், மைக் செட் பாட வேண்டும். எல்லாவற்றுக்கும் வண்டியில் இருந்தது ஒரே பேட்டரி. ஐந்தாவது லயத்தில் பேட்டரி மொத்தமாகப் படுத்துவிட்டது. விளக்கும் போய், பாட்டும் போய், இஞ்சினும் கிளம்பவில்லை. நாற்பது பேர் சேர்ந்து மேட்டில் தள்ளினார்கள். தள்ளும்போது வண்டி நான்கு அடி பின்னால் உருண்டது.

அம்மன் பின்னால் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த வருஷம் எஸ்டேட்டில் எது நடந்தாலும் அதற்கு அந்த நான்கு அடிதான் காரணம். மூன்றாம் லயத்தில் மண் சரிந்ததற்கும் அதுதான். கணக்கெழுதும் கிராணி வீட்டு மாடு செத்ததற்கும் அதுதான். கோயில் தலைவர் ஒரு முடிவு செய்துவிட்டார். அவர் ஒரு காலத்தில் கங்காணி, இன்னமும் எல்லோருக்கும் பெரிய கங்காணிதான். கம்போங் ராஜாவில் காய்கறி ஏற்றும் ஒரு தவுக்கே முதலாளியிடம் பெரிய லோரி இருக்கிறது, ஜெனரேட்டரும் இருக்கிறது, இனிமேல் அம்மன் அதில்தான் என்றார்.

மாமா அவர் வீட்டுக்கு மூன்று நாள் நடையாய் நடந்தார். கடைசியில் ஒரே ஒரு வருஷம் தவணை கிடைத்தது. ஊர்வலம் முடிகிறவரை அம்மன் ஒரு தடவைகூட இருட்டில் நிற்கக் கூடாது. நின்றால் அடுத்த வருஷம் லோரி. இதைப் பெரிய கங்காணி கோயில் வாசலில் நான்கு பேரை வைத்துக்கொண்டு சொன்னார். மாமா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு தின்றார். பயந்தவர் அப்படித் தின்னமாட்டார். அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது.

திட்டம் இதுதான். வண்டிக்கு ஒரு பேட்டரி, அம்மனுக்கு ஒரு பேட்டரி. வண்டியின் பேட்டரியை நிரப்ப ஏற்கெனவே ஒரு ஆல்டர்நேட்டர் இருக்கிறது. அம்மனின் பேட்டரியை நிரப்பத் தனியாக இன்னொரு ஆல்டர்நேட்டர். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. அம்மன் பேட்டரி தீர்ந்தாலும் வண்டி கிளம்பும், வண்டி கிளம்பினால் அம்மன் பேட்டரி மறுபடி நிரம்பும். அப்பாவிடம் இதை விளக்கும்போது மாமா சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“இது வண்டிக்கு, அது ஆத்தாளுக்கு, மச்சான். ஒருத்தர் சோத்துல இன்னொருத்தர் கை வெக்கிறதுக்கு வழியே இல்ல.”

“ஏற்கெனவே இருக்கிற டைனமாவையே ஒழுங்கா பாக்கத் தெரியல, இன்னொண்ணு வேறயா?” என்றார் அப்பா. அப்பா தேயிலை பேக்டரியில் அடுப்புப் பக்கம் வேலை செய்தவர், மாலையில் அவர் பேச்சிலும் அந்தச் சூடு இருக்கும்.

“டைனமா இல்ல மச்சான், ஆல்டர்நேட்டர்.”

இப்படியே ஒரு மாதம் மாமா எஸ்டேட் முழுவதையும் திருத்திக்கொண்டிருந்தார். ஈப்போவில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைக்குப் போய், அந்த ஆல்டர்நேட்டரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தாப்பாவிலிருந்து மேலே வருகிற அத்தனை வளைவுக்கும் வாந்தி எடுத்தபடி வந்து சேர்ந்தார். துண்டில் ஒரு பொட்டு கறை இல்லை. பேட்டரியை கியா பார்மில் முட்டைக்கோஸ் போடும் சிநேகிதர் ஒருவர் தன் உடைந்த லோரியிலிருந்து கழற்றித் தந்தார். பேக்டரி ஃபிட்டரைப் பிடித்து, இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்து, இஞ்சினுக்குப் பக்கத்தில் ஆல்டர்நேட்டரை உட்காரவைத்து, அதற்கென்று ஒரு பெல்ட்டும் மாட்டினார். பேட்டரிக்கு இடம் முன்சீட்டின் அடியில் இருந்த பெட்டி.

கோயில் பின்புறத்துக் கொட்டகையில்தான் வேலை நடந்தது. நான் அங்கே போகக் கூடாது. காரணம் சின்ன விஷயம். இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டேன். வண்டி மெதுவாக உருண்டு போய்த் தேயிலைச் செடியில் முட்டி நின்றது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அப்பா ரோத்தான் பிரம்பை எடுத்தார். இனிமேல் வண்டிப் பக்கம் பார்த்தால் காலை உடைத்துவிடுவதாகவும் சொன்னார். அப்பா சொன்னால் செய்கிற ஆள். அதனால் கொட்டகைப் பலகையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஓட்டை போதுமான அளவு பெரியது.

ஒரு வேலையை மாமா எல்லாவற்றையும்விட ஆசையாகச் செய்தார். சீட்டுக்கு அடியில், வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஓரிடத்தில் பெயின்டைச் சுரண்டினார். அரத்தால் தேய்த்தார், உப்புத்தாளால் தேய்த்தார், ஊதி ஊதிப் பார்த்தார். ஐம்பது காசு அகலத்துக்கு இரும்பு வெள்ளியாக மின்னியது. பேட்டரியிலிருந்து வரும் கறுப்பு வயரை அந்த இடத்தில்தான் போல்ட் போட்டு முறுக்கினார். எர்த்து என்றார்கள். ஃபிட்டரிடம் அவர் ஏதோ விளக்கினார். கரண்ட் ஒரு வயரில் போய், வண்டியின் உடம்பு வழியாகத் திரும்பி வந்து, அந்த இடத்தில்தான் பேட்டரிக்குள் நுழைய வேண்டும் என்றார். எனக்கு அது காதில் விழுந்தது. காதில் விழுந்த எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிற வயது.

ஊர்வலத்துக்கு முதல் நாள் மாலை பெரிய கங்காணியைக் கூட்டிவந்து காட்டினார்கள். இஞ்சின் ஓடியது, பல்புகள் எரிந்தன. மாமா இஞ்சினை அணைத்தார். பல்புகள் சிமிட்டக்கூட இல்லை. மைக்கில் அம்மன் பாட்டு ஒரு இழுப்பும் இல்லாமல் பாடியது. பெரிய கங்காணி ஒரு சுருட்டு முழுவதையும் குடித்து முடிக்கிறவரை நின்று பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். மாமா பனியில் பேட்டரி இறங்காமல் இருக்க எர்த்து வயரை மட்டும் கழற்றிவைத்தார். எந்த வண்டியை நிறுத்தினாலும் அப்படிச் செய்வது அவர் பழக்கம். அன்று ராத்திரி முன்னறையில் மாமா சீட்டி அடித்துக்கொண்டே படுத்திருந்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மாமா ஜெயித்தால் நானும் ஜெயித்த மாதிரி. அவர் எனக்குக் காது குத்த மடியில் வைத்துக்கொண்ட மாமா.

மறுநாள் காலை பெண்கள் வண்டியை அலங்கரிக்க வந்தார்கள். வாழை மரம் கட்டினார்கள், தோட்டங்களிலிருந்து வந்த செவ்வந்தியை வண்டி முழுக்கத் தொங்கவிட்டார்கள். பானெட்டுக்கும் நான்கு சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அப்பா பேக்டரிக்குப் போயிருந்ததால் நானும் பெண்களோடு பெண்ணாக உள்ளே புகுந்துவிட்டேன். அங்கே நான் கண்ட அநியாயம் என்னவென்றால், பழைய சாமான்களுக்கெல்லாம் பொட்டு இருந்தது, புதுச் சாமான்களுக்கு இல்லை. எங்கள் வீட்டில் ஒரு புதுக் குடை வாங்கினால்கூட மூலையில் பொட்டு வைத்த பிறகுதான் விரிப்போம். அம்மனுக்காகவே வாங்கிவந்த ஆல்டர்நேட்டர் வெறும் நெற்றியோடு இருக்கலாமா? பெண்களுக்கு பானெட்டைத் திறக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அவர்கள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். முதலில் வைத்த பொட்டு வழுக்கி விழுந்தது. இரும்பு முழுக்க ஈரம், அந்த மலையில் காலையில் எல்லாமே ஈரம்தான். விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை ஊற்றிக் குங்குமத்தையும் சந்தனத்தையும் சேர்த்துக் குழைத்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஆல்டர்நேட்டருக்கு ஒன்று, பெல்ட்டுப் பக்கத்தில் ஒன்று, பேட்டரி மேலே மூன்று. கடைசியாகச் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளியாக மின்னிய அந்த ஐம்பது காசு இடம், பொட்டுக்கென்றே துடைத்துவைத்த நெற்றி மாதிரி இருந்தது. மாமா அவ்வளவு ஆசையாகத் தேய்த்த இடம் ஆயிற்றே என்று, மிச்சமிருந்ததை எல்லாம் அங்கே அப்பினேன். சீட்டை மூடிவிட்டு வந்து யாருக்கும் தெரியாமல் கை கழுவினேன்.

சாயங்காலம் மாமா மஞ்சள் வேட்டியும் புதுச் சட்டையுமாக வந்தார். ஆல்டர்நேட்டரில் பொட்டைப் பார்த்துப் பெண்கள்தான் வைத்தார்கள் என்று நினைத்துச் சிரித்தார். எர்த்து வயரை மாட்ட வேண்டும். ஆனால் சீட்டு மேல் பூசாரி தன் தட்டுமுட்டு எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். நல்ல நேரம் முடிகிறது, கிளப்பு கிளப்பு என்று அவர் ஒரு பக்கம் அவசரப்படுத்தினார். மாமா சீட்டைத் தூக்காமலே பக்கவாட்டில் கையை விட்டு, தடவிப் பார்த்தே போல்ட்டைப் போட்டு முறுக்கினார். இஞ்சினைக் கிளப்பினார். பல்புகள் பிரமாதமாக எரிந்தன. எல்லோரும் சத்தமாக அம்மனைக் கூப்பிட்டார்கள். வண்டி நகர்ந்தது, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

முதல் லயத்துக்குப் போகும்போதே பனி இறங்கிவிட்டது. பனி இறங்கினால் எங்கள் ஊரில் இருட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மங்கலில் அம்மன் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாக வருவதைப் பார்த்து ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வண்டி நின்றது. பூசாரி கையைக் காட்டினார். மாமா, நேற்றுக் காட்டிய அதே தைரியத்தோடு, இஞ்சினை அணைத்தார்.

எல்லாம் அணைந்தது. பாட்டு நடு வரியில் அறுந்தது. இருந்தாற்போலிருந்து அவ்வளவு ஜனமும் பனியும் அம்மனும் ஒரே சாம்பல் நிறம். யாரோ ஒரு கிழவி “போச்சுடி” என்றாள். மாமா உடனே சாவியைத் திருப்பினார், இஞ்சின் ஒரே தட்டில் கிளம்பியது, ஆல்டர்நேட்டர் சுற்றியதும் விளக்கும் வந்தது. வண்டிக்கான பேட்டரி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. பூசாரி புகையைப் பார்த்து முகத்தைச் சுளித்தபடி அர்ச்சனையை முடித்தார். மாமா கீழே இறங்கி ஃபியூஸைத் தட்டினார், சிவப்பு வயரை ஆட்டினார், எல்லாம் இறுக்கமாக இருந்தது. இரண்டாவது லயத்தில் மறுபடி இஞ்சினை அணைத்தார். மறுபடி இருட்டு.

அப்போதுதான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். நான் விளக்குத் தட்டோடு அம்மாவுக்கு முன்னால் நடந்துவந்தேன், வண்டிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அந்த முகத்தில் ரத்தமே இல்லை. அவர் பூசாரியின் சாமான்களை வாரி என் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, சீட்டைத் தூக்கி, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு உள்ளே குனிந்தார். எர்த்து போல்ட்டைக் கழற்றினார். விரலால் தொட்டார். அந்த விரலை முகர்ந்து பார்த்தார். நல்லெண்ணெய் வாசம் எனக்கே அடித்தது.

மாமா தலையைத் திருப்பினார். அங்கே நான் நின்றிருந்தேன். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். என் பொட்டைக் கண்டுபிடித்துவிட்டாரே என்ற பெருமை எனக்கு. அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மஞ்சள் வேட்டியின் முனையை எடுத்து, நான் வைத்த பொட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தார். துடைத்தது போதாதென்று ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். அம்மனுக்கென்று வைத்த பொட்டை, அம்மன் முன்னாலேயே, இடுப்பு வேட்டியால்! என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வயரை மாட்டி முறுக்கினார். இஞ்சின் ஓடாமலே பல்புகள் அத்தனையும் பளீரென்று எரிந்தன, பாட்டு விட்ட இடத்தில் தொடங்கியது.

பெரிய கங்காணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அப்பா.

“என்னடா ஆச்சு? என்ன கோளாறு?”

மாமா வேட்டி முனையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். “எர்த்து நட்ட முறுக்காம விட்டுட்டேன், கங்காணி. என் தப்புதான்.”

“முறுக்காம விட்டியா? அம்மன் வண்டியில?”

“மறந்துட்டேன்.”

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். இதுக்குத்தான் ஊரெல்லாம் பாடம் எடுத்தியா என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். மாமா டார்ச்சை அணைத்துச் சீட்டை மூடினார். வண்டியில் ஏறப் போகும்போது என் பக்கம் குனிந்து, காதுக்குள் மட்டும், “பாப்பா, பொட்டு விஷயத்த யாருகிட்டயும் சொல்லாத, என்ன? அம்மாகிட்டகூட வேணாம்லா” என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொட்டை அழித்த பாவம் வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார். நான் ஒன்றும் கோள் சொல்கிறவள் இல்லை. சரி என்று தலையாட்டினேன். அவரைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது என் பெருந்தன்மை என்றே நினைத்தேன்.

அதற்கப்புறம் ஐந்து லயம் போனோம். ஒவ்வொன்றிலும் இஞ்சினை அணைத்தார்கள், ஒன்றிலும் விளக்கு நடுங்கவில்லை. கடைசி லயத்தில் ஏகப்பட்ட தட்டுகள், அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம். அம்மன் அசையாமல் ஒளிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாதிரி வயரிங் அந்த மலையில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை, இன்றைக்கும் நான் அதை அடித்துச் சொல்வேன். ஆனால் பேச்சு பேச்சுதான். அம்மன் இரண்டு தடவை இருட்டில் நின்றுவிட்டாள். மறுநாள் காலை கோயில் கூட்டத்தில், அடுத்த வருஷம் கம்போங் ராஜா லோரி என்று முடிவாகியது. மாமா எழுந்து நின்று சரி என்று சொல்லிவிட்டு வந்தாராம். அந்த வாரமே இரண்டாவது ஆல்டர்நேட்டரைக் கழற்றிச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்.

நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் டவுனிலிருந்து வாங்கிவந்த மிட்டாயைத் தொடவில்லை. பொட்டை அழித்ததால்தான் அம்மன் அவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், ஆனால் தண்டிக்கமாட்டேன் என்று கொடுக்கவில்லையே. எங்கள் எஸ்டேட்டில் ஒருவனுக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டினால் அது சாகிறவரை ஒட்டும், பிள்ளைகளுக்கும் போகும். தீமிதியில் ஒருமுறை தடுமாறிய ஒருவரை அவர் பேரப்பிள்ளைகள் வரைக்கும் ‘நொண்டித் தீ’ வீடு என்றுதான் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஒரு பெயரைச் சொன்னேன். இருட்டு டிரைவர். ஒரே வாரத்தில் ஏழு லயத்திலும் பரவிவிட்டது. யார் வைத்த பெயர் என்று யாரும் கேட்கவில்லை. மாமா அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவும் பழகிக்கொண்டார்.

எத்தனையோ வருஷம் கழித்து, எனக்கென்று குடும்பமும் ஒரு பழைய காரும் ஆன பிறகு, தானா ராத்தாவில் ஒரு பட்டறை முன்னால் கார் கிளம்பாமல் நின்றது. பட்டறைப் பையன் பானெட்டைத் திறந்து ஒரு கறுப்பு வயரைக் கழற்றி, அடியில் படிந்திருந்த எண்ணெய் அழுக்கைக் காட்டினான். “எர்த்து க்ளீனா இருக்கணும்லா அக்கா. எண்ண கிண்ண இருந்தா கரண்டு எப்படித் திரும்பும்?” என்றான். சும்மா, வேலை பார்த்துக்கொண்டே சொன்னான். நான் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் ரோத்தானும், பட்டப்பெயர் வைக்கக் காத்திருந்த ஊரும், ‘அம்மனை இருட்டில் நிறுத்தினவள்’ என்று என் கல்யாணம்வரை வந்திருக்கக்கூடிய பேச்சும், எல்லாம் அந்த டயரின் மேல்தான் எனக்கு வரிசையாகத் தெரிந்தன. வேட்டி முனையைச் சுருட்டிச் செருகுவதற்குள் இத்தனையையும் மாமா யோசித்துவிட்டார். தன் ஒரே நாளைக் கொடுத்து என்னை மூடிவிட்டார். வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கம் இல்லை. போய்ச் சொல்லலாம் என்றால் மாமா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாவு வீட்டில்கூட யாரோ வெளியூர்க்காரருக்கு, இருட்டு டிரைவர் வீடு எது என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது அடுத்த வருஷத்து ஊர்வலத்தை. எனக்குப் பத்து வயது. பெரிய லோரி வந்தது. ஜெனரேட்டர் தடதடவென்று அலற, அதன் புகை பின்னால் நடந்த பூசாரியின் மேலேயே போனது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மன் எங்கோ உயரத்தில் இருந்தாள், எனக்குத் தலைகளும் முதுகுகளும்தான் தெரிந்தன. அந்த ஒரு வருஷமும் நான் முகம் கொடுத்துப் பேசாத மாமா எங்கிருந்தோ வந்து, கேட்காமலே என்னைத் தூக்கி, பாதையோரத்து மதகுச் சுவர் மேல் நிறுத்தினார். சுவர் வழுக்கியது, பின்னால் ஆழமான சாக்கடைக் கான். மாமா என் ஸ்வெட்டரின் பின்பக்கத்தை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

லோரி எங்களுக்கு நேரே வந்தது. வரிசை வரிசையாக விளக்கு. நான் திரும்பாமலே, அவருக்குக் கேட்கிற மாதிரி, “பாத்தீங்களா இருட்டு டிரைவரே, ஒரு தடவகூட அணையல” என்றேன்.

“ஆமா பாப்பா. நல்லா எரியுது” என்றார் மாமா.

ஜனம் முழுக்க இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பியது. நான் ஓரக்கண்ணால் மாமாவைப் பார்த்தேன். அவர் ஒரு கையை மட்டும் நெஞ்சுவரை உயர்த்தி அப்படியே நின்றிருந்தார். செய்த பாவத்துக்கு, அம்மனை இரண்டு கையாலும் கும்பிடக்கூட இவருக்கு முகம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.